ஹெர்ட்ஸ் மயக்கம்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் மானிட்டர் விற்கிற கடை எதற்குள் நுழைந்தாலும் காதில் விழும் முதல் கேள்வி இதுதான்: "எத்தன ஹெர்ட்ஸ்ண்ணே?" கேட்பவர் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கிற பையன். பக்கத்தில் பணத்தோடு அப்பாவோ மாமாவோ நிற்பார். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி வந்திருப்பார்கள். கடைக்காரர் மூன்று பெட்டிகளைக் காட்டுவார். ஒன்றில் 165, அடுத்ததில் 180, மூன்றாவதில் 240 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பையனின் கண் மூன்றாவதைவிட்டு நகராது. "ரெண்டாயிரம் மூவாயிரம் கூடப் போட்டா இதயே எடுத்துரலாம்ப்பா" என்பான். அப்பாவும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஹெர்ட்ஸ் கூடினால் ஆட்டமும் கூடும் என்ற இந்த நம்பிக்கை தவறு. அதற்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் வீணாக்கப் பணமில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விநாடிக்கு எத்தனை முறை தன் திரையைப் புதுப்பித்துக்கொள்ள மானிட்டர் தயாராக இருக்கிறது என்பதைத்தான் ஹெர்ட்ஸ் எண் சொல்கிறது. படத்தை வரைந்து கொடுப்பது மானிட்டர் அல்ல, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு விநாடிக்கு 55 படம் (55 எஃப்.பி.எஸ்.) வரைந்தால் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் தெரிவதும் அதே 55 படம்தான். 56-ஆவது படத்தை எந்த மானிட்டராலும் உண்டாக்க முடியாது. "240 ஹெர்ட்ஸ் வாங்கினேன், எஃப்.பி.எஸ். ஏறவே இல்லை" என்று குறைப்படுகிற எத்தனையோ பேரிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எண்களையே நம்புகிறவர்களுக்கு எண்ணிலேயே பதில் சொல்லலாம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் நிற்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144-இல் அது 6.9 ஆகிறது. ஏறத்தாழ 10 மில்லி விநாடி மிச்சம். இந்த வித்தியாசத்தை யாரும் உணரலாம், மவுஸை அசைத்த கணமே தெரியும். 144-இலிருந்து 240-க்குப் போனால் மிச்சமாவது 2.8 மில்லி விநாடி. 240-இலிருந்து 360-க்குப் போனால் 1.4. விலை ஏற ஏறக் கிடைப்பது தேய்ந்துகொண்டே போகிறது. அந்தத் தேய்ந்த லாபமும் கார்டு விநாடிக்கு 240 படம் வரைந்து தள்ளினால்தான் கைக்கு வரும்.

நம் பிள்ளைகள் வைத்திருக்கும் கார்டு எது? 2022 இறுதியில் ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில், உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் கார்டாக முதலிடத்துக்கு வந்தது ஜி.டி.எக்ஸ். 1650. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அதற்கும் கீழே இருப்பவர்கள் ஏராளம். தனி கார்டே இல்லாமல் ரைசன் 5600ஜி போன்ற பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை நம்பி ஆடுகிறவர்கள், பழைய லேப்டாப்பில் ஆடுகிறவர்கள். 1650-இல் சைபர்பங்க் 2077 போட்டால் நடுத்தர செட்டிங்ஸிலேயே 40-ஐச் சுற்றித்தான் தடுமாறும். வாலரன்ட் போன்ற இலேசான ஆட்டம் நூறைத் தாண்டி ஓடும். ஆனால் புகை குண்டு வெடித்து நாலு பேர் ஒரே நேரத்தில் சுடும்போது சட்டென்று விழும். ஒரே கார்டில், ஒரே ஆட்டத்தில், ஒரே நிமிடத்தில் எஃப்.பி.எஸ். இப்படி ஏறி இறங்கும். மானிட்டர் வாங்கும்போது கவலைப்பட வேண்டியது இந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றித்தான்.

சாதாரண மானிட்டர் கார்டுக்காகக் காத்திருக்காது. திரையின் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை, 1080 வரிகளையும் தனக்கென்று வைத்திருக்கும் நேரக்கணக்கில் வரைந்து முடித்துவிட்டு மறுபடி மேலே போய்விடும். பாதி வரைந்துகொண்டிருக்கும்போது கார்டு புதுப் படத்தைக் கொடுத்தால், மேல் பாதி பழைய படம், கீழ் பாதி புதுப் படம். ஜி.டி.ஏ. 5-இல் காரை வேகமாகத் திருப்பும்போது தெருவிளக்குக் கம்பம் இடுப்பளவில் ஒடிந்து, மேல்துண்டு ஓரிடத்திலும் கீழ்துண்டு இரண்டு விரல் தள்ளியும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் டியரிங், திரை கிழிவது. இதைத் தடுக்க வி-சிங்க் போட்டால், மானிட்டரின் அடுத்த முறை வரும் வரை கார்டு காத்திருக்க வேண்டும். படம் ஒரு நொடித்துளி தாமதித்தாலும் பழைய படமே இன்னொரு முறை வரும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 55 படம் வரும்போது சீராகப் போகிற காட்சி இடையிடையே திக்குவது இதனால்தான். வரைந்த படத்தை வைத்துக்கொள்ள இரண்டு இடம் (பஃபர்) மட்டும் வைத்து ஓடும் ஆட்டங்களில் 55 நேராக 30-க்கே விழுந்துவிடும். கை அசைவுக்கும் திரைக்கும் நடுவே தாமதமும் கூடும்.

அடாப்டிவ் சிங்க் இந்த உறவைத் தலைகீழாக்குகிறது. ஒரு படத்தை வரைந்து முடித்த மானிட்டர், கார்டு அடுத்த படத்தைக் கொடுக்கும் வரை நிற்கிறது. கார்டு 55 கொடுத்தால் மானிட்டர் 55 ஹெர்ட்ஸில் ஓடும், 83 கொடுத்தால் 83-இல் ஓடும். கிழிசலும் இல்லை, திக்கலும் இல்லை. கார்டு எவ்வளவு தடுமாறுகிறதோ அவ்வளவுக்கு இதன் உதவி பெரிது. விநாடிக்கு 300 படம் கொட்டும் விலை உயர்ந்த கார்டுக்காரருக்கு இது இல்லாவிட்டாலும் ஓடிவிடும். 45-க்கும் 80-க்கும் இடையே அல்லாடுகிறவருக்குத்தான் இது கட்டாயம் வேண்டும். ஆனால் அவரிடம் போய் விற்கப்படுவது 240 என்ற எண்.

இதில் இன்னொரு பழைய பயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "என்விடியா கார்டு இருந்தா ஜி-சிங்க் மானிட்டர்தான் வாங்கணும், ஃப்ரீசிங்க் போட்டது வேலைக்கு ஆகாது" என்பது. ஒரு காலத்தில் இது உண்மைதான். 2013 அக்டோபரில் என்விடியா இதே வேலையைச் செய்யும் ஜி-சிங்க்கை அறிவித்தபோது, மானிட்டருக்குள் தனியாக ஒரு மாட்யூல் பொருத்த வேண்டியிருந்தது. ஏசஸ் நிறுவனத்தின் ஒரு மானிட்டருக்கு அந்த மாட்யூலைத் தனியாக விற்றபோது அதன் விலை மட்டும் 199 டாலர். 2014 மே மாதம், மானிட்டர் தரங்களை வகுக்கும் வேசா அமைப்பு, தனி மாட்யூல் தேவைப்படாத அடாப்டிவ் சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ இணைப்புத் தரத்தில் சேர்த்தது. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. அதன்மேல் ஃப்ரீசிங்க் என்று பெயர் வைத்து 2015-இல் மானிட்டர்களைக் கொண்டுவந்தது. நாலு வருடம் என்விடியா இறங்கி வரவில்லை. 2019 ஜனவரியில் வந்தது. ஜி.டி.எக்ஸ். 10 வரிசையிலிருந்து அதன் கார்டுகள் ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடும் ஒத்துப்போகத் தொடங்கின. அப்போது 400 மானிட்டர்களைச் சோதித்து 12 மட்டுமே தேறின என்று என்விடியா அறிவித்தது. அந்த 12-ஐப் பிடித்துக்கொண்டவர்கள் அடுத்த வரியைப் படிக்கவில்லை: தேறாத மானிட்டரிலும் செட்டிங்ஸில் போய் நாமே ஆன் செய்துகொள்ளலாம் என்றும் அதே அறிவிப்பில் இருந்தது. இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ்கூட 2019-க்குப் பின் வந்த பல வகைகளில் அடாப்டிவ் சிங்க்கை ஆதரிக்கிறது. ஸ்டிக்கரைப் பார்த்துப் பயந்து கூடுதல் பணம் கொடுக்கும் காலம் முடிந்து பல வருடம் ஆகிறது.

அப்படியானால் பெட்டியில் எதைப் பார்ப்பது? அடாப்டிவ் சிங்க் வேலை செய்யும் வரம்பை. நான் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை உங்கள் தலையில் ஏற்ற முடியுமென்றால் இதைத்தான் ஏற்றுவேன்.

அடாப்டிவ் சிங்க் எல்லா வேகத்திலும் வேலை செய்வதில்லை. ஒவ்வொரு மானிட்டருக்கும் ஒரு வரம்பு உண்டு. 48-இலிருந்து 75 வரை என்று ஒன்று, 48-இலிருந்து 144 வரை என்று இன்னொன்று. கார்டு அந்த வரம்புக்குள் இருக்கும் வரைதான் மானிட்டர் அதன் பின்னால் போகும். 48–75 மானிட்டரில் ஆட்டம் 45-க்கு இறங்கினால் அடாப்டிவ் சிங்க் விட்டுவிடும். கிழிசலும் திக்கலும் திரும்பி வரும், அதுவும் கார்டு மிகவும் திணறுகிற அந்தக் கணத்தில். 48–144 மானிட்டரில் அதே 45-க்கு இறங்கினால் வேறு கதை. ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டி, திரை 90 ஹெர்ட்ஸில் ஓடும். 90 வரம்புக்குள் வருகிறது, ஆட்டம் சீராகவே தொடரும். 30-க்கு இறங்கினாலும் 60-இல் ஓடும். இதற்கு லோ ஃப்ரேம்ரேட் காம்பென்சேஷன், சுருக்கமாக எல்.எஃப்.சி. என்று பெயர். மேல் எல்லை கீழ் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால்தான் இது நடக்கும். என்விடியா தன் முத்திரையைத் தருவதற்கே 2.4 மடங்கு கேட்கிறது. ஏ.எம்.டி.யின் சாதாரண ஃப்ரீசிங்க் முத்திரைக்கு எல்.எஃப்.சி. கட்டாயமில்லை, ஃப்ரீசிங்க் பிரீமியத்துக்குக் கட்டாயம்.

இந்த இடத்தில் ஹெர்ட்ஸ் எண்ணுக்கு உண்மையான ஒரு பெருமை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரின் பெரும்பயன் 144 படம் ஆடுவதில் இல்லை. 40 படம் ஆடும்போது அந்த 40-ஐச் சீராகக் காட்டுவதில் இருக்கிறது. சின்ன கார்டு வைத்திருப்பவர் 144-ஓ 165-ஓ வாங்குவது இதனால்தான் நியாயம். அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு ரூபாயும் மானிட்டரில் அல்ல, கார்டில் போக வேண்டிய ரூபாய்.

நம் ஊருக்கென்று ஒரு காரணமும் சேர்த்துச் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பையன் ஆடுவது பெரும்பாலும் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் கான்கிரீட் அறையில், ஒரு சீலிங் ஃபேனை நம்பி. கார்டும் பிராசசரும் சூடேறினால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பில் இது இன்னும் மோசம். காலையில் 70 ஓடிய ஆட்டம் மதியம் மூன்று மணிக்கு 50-இல் நிற்கும். விமர்சன வீடியோக்களில் காட்டும் எஃப்.பி.எஸ். பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் அளந்தது. வேசா 2022-இல் தொடங்கிய அடாப்டிவ் சிங்க் சான்றிதழில் மானிட்டர்களைச் சோதிக்கும் அறையின் வெப்பமும் 24 டிகிரிக்குப் பக்கத்தில்தான். வாடிப்பட்டியில் மே மாதம் ஆடுகிறவர் தன் எஃப்.பி.எஸ். எப்போதும் இறங்கும் என்று வைத்துக்கொண்டுதான் மானிட்டர் தேட வேண்டும். இறங்கும்போது தாங்கிப் பிடிக்கிற மானிட்டர்தான் இந்த ஊருக்கு ஏற்றது.

எதிர்ப்பக்கமும் ஒரு கூட்டம் இருக்கிறது. "சினிமாவே 24 ஃப்ரேம்தான், கண்ணுக்கு அதற்கு மேல் தெரியாது, 60 ஹெர்ட்ஸ் போதும்" என்பார்கள். இதுவும் தப்பு. ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கிய மதுரை தங்கம் தியேட்டரில் 1952-இல் பராசக்தி ஓடியபோது, ஃபிலிமில் இருந்தவை விநாடிக்கு 24 படம். ஆனால் புரொஜெக்டரின் ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் குறைந்தது இரண்டு முறை வெட்டிக் காட்டியது. திரை விநாடிக்கு 48 முறையாவது மின்னியது. 24 முறை மட்டும் மின்னியிருந்தால் கண் உறுத்தி யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. கேமராவில் பதியும்போதே அசைவு கொஞ்சம் கலங்கிப் பதிவதால் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குக் கண் வழுக்கிப் போய்விடும். கார்டு வரையும் விளையாட்டுப் படத்தில் அந்தக் கலங்கல் தானாக வராது. அது மட்டுமல்ல, சினிமாவை நாம் பார்க்கிறோம், விளையாட்டை நம் கை இயக்குகிறது. கை அசைந்து திரை பிந்தினால் உடம்புக்கே தெரியும். ஆனால் அந்தத் தியேட்டர் ஒன்றை நிரூபித்தது: 24-ஆக இருந்தாலும் சீராக இருந்தால் கண் ஏற்கும். எண்ணிக்கை குறைவதைவிட சீர் குலைவதைத்தான் கண் பொறுக்காது.

நியாயமான ஒரு எதிர்வாதத்துக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். கான்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற ஆட்டங்களில் போட்டிக்கு இறங்குகிறவர்கள் 240-ம் 360-ம் வைத்துக்கொண்டு சிங்க் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆடுகிறார்களே? ஆடுகிறார்கள், அவர்களுக்கு அது சரி. கிழிந்த படமானாலும் எதிராளியின் தலை ஒரு மில்லி விநாடி முன்னால் தெரிந்தால் போதும் அவர்களுக்கு. திரை வேகம் கூடக் கூட கிழிசலும் கண்ணில் தங்குவது குறையும் என்பதும் உண்மைதான். இந்திய அரசு 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பிரிவாக அங்கீகரித்தது. அந்தப் பாதையில் உழைக்கிற பிள்ளைக்கு 240 ஒரு கருவி. ஆனால் அந்தப் பிள்ளையிடம் 240-ஐ விடாமல் கொட்டுகிற கார்டும் பிராசசரும் இருக்கும், இருக்க வேண்டும். அவர் வாங்குவதைப் பார்த்து, மாலையில் இரண்டு மணி நேரம் கதை விளையாட்டு ஆடுகிறவர் அதையே வாங்குவதில் என்ன கணக்கு?

பெட்டியில் இன்னொரு எண் இருக்கும்: 1 எம்.எஸ்., அதாவது ஒரு மில்லி விநாடி. இதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பின்விளக்கை விட்டு விட்டு அணைத்து எடுத்த எம்.பி.ஆர்.டி. அளவும், ஒரு புள்ளி நிறம் மாறும் வேகமான ஜி.டி.ஜி. அளவும் ஒன்றல்ல. முதல் வகை 1 எம்.எஸ்.-ஐப் போட்டால் திரை மங்கும், பெரும்பாலான மானிட்டர்களில் அடாப்டிவ் சிங்க் அணைந்துவிடும். விலை குறைந்த வி.ஏ. பேனல்களில் இருட்டுக் காட்சியில் நிழல் இழுபடும், எஃப்.பி.எஸ். ஏறி இறங்கும்போது வெளிச்சமும் துடிக்கும். ஐ.பி.எஸ். பேனலையே வாங்கிவிடுங்கள்.

சரியான மானிட்டரையே வாங்கி வந்தும் அதன் பலனை அனுபவிக்காதவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிக ஆதங்கம். பெட்டிக்குள் வருவது பல நேரம் எச்.டி.எம்.ஐ. கேபிள். அதையே மாட்டிவிடுவார்கள். என்விடியா கார்டு ஃப்ரீசிங்க் மானிட்டரோடு சேர டிஸ்ப்ளேபோர்ட் வேண்டும். எச்.டி.எம்.ஐ. வழியாக என்றால் இரண்டு பக்கமும் 2.1 தரத்து வி.ஆர்.ஆர். (திரை வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) இருக்க வேண்டும். கேபிளுக்கு இன்னும் கொஞ்சம் பணம் செலவழித்திருந்தால் தீர்ந்திருக்கும். லேப்டாப்பாக இருந்தால் அதன் டைப்-சி துளையில் டிஸ்ப்ளேபோர்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும், துளை இருந்தும் அது வராத லேப்டாப்கள் உண்டு. அடுத்தது மானிட்டரின் பின்புறக் குமிழை அமுக்கினால் வரும் மெனு. அதில் அடாப்டிவ் சிங்க் பல மானிட்டர்களில் கம்பெனியிலிருந்து வரும்போதே 'ஆஃப்' நிலையில் இருக்கும். அதற்கடுத்து விண்டோஸ். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். புதிதாக மாட்டிய மானிட்டர் அங்கே 60 ஹெர்ட்ஸ் என்று காட்டிக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். 240-க்குப் பணம் கட்டி, மாதக்கணக்கில் 60-இல் ஆடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் உண்டு. பக்கத்து வீட்டுப் பையனின் மானிட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கடைசியாக, ஆட்டத்தின் எஃப்.பி.எஸ்.-ஐ மேல் எல்லைக்குச் சற்றுக் கீழே கட்டிவையுங்கள். 144 என்றால் 140. மேல் எல்லையைத் தாண்டினாலும் அடாப்டிவ் சிங்க் கைவிடும் என்பது பலருக்குத் தெரியாது. கட்டிவைத்தால் கார்டும் குளிர்ச்சியாக இருக்கும், மே மாதத்தில் அதுவே பெரிய விஷயம்.

கடைக்காரர்கள்மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். வாடிக்கையாளர் எதைக் கேட்கிறாரோ அதை விற்கிறார்கள். ஆனால் கடையில் மானிட்டர்களை வரிசையாக வைத்து அருவி விழும் வீடியோவை ஓடவிடுவதால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. 30 அல்லது 60 ஃப்ரேமில் எடுத்த வீடியோ 75-இலும் 240-இலும் விநாடிக்கு அதே 30 அல்லது 60 படத்தைத்தான் காட்டும். ஒரு சாதாரண கார்டு போட்ட கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டைப் போட்டு, அடாப்டிவ் சிங்க்கை ஒரு முறை அணைத்தும் ஒரு முறை ஏற்றியும் காட்டட்டும். பல மானிட்டர்களின் மெனுவிலேயே அந்தக் கணத்து ஹெர்ட்ஸ் எண்ணைத் திரையோரம் காட்டும் வசதி இருக்கிறது. கார்டின் ஓட்டத்துக்கு ஏற்ப அந்த எண் 52, 61, 58 என்று மாறிக்கொண்டே இருந்தால் வேலை செய்கிறது. 144-லேயே அசையாமல் நின்றால் வேலை செய்யவில்லை. வாங்குகிறவரின் அப்பாகூட இதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

அடுத்த முறை கவுன்ட்டர் முன்னால் நிற்கும்போது "எத்தன ஹெர்ட்ஸ்ண்ணே?" என்று கேட்காதீர்கள். "எத்தனையிலிருந்து எத்தனை வரைக்கும்ண்ணே சிங்க் ஆகும், எல்.எஃப்.சி. இருக்கா, டிஸ்ப்ளேபோர்ட் இருக்கா, போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.